பைப்பரசீனுக்கு எந்தக் காப்பு? கொங்குக் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஓர் ஒப்பீடு

கோவை, ஈரோடு, நாமக்கல், கோபி பக்கத்துக் கல்லூரிகளில் முதுநிலை வேதியியல் மாணவர்கள் ஆய்வுத் திட்டம் தொடங்கும் பருவத்தில் ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. பைப்பரசீன் இரண்டு நைட்ரஜன்கள் உள்ள வளையம். அதில் ஒரு நைட்ரஜனைப் பின்னர் கழற்றக்கூடிய ஒரு தொகுதியால், அதாவது காப்பால், மூடிவைத்து மற்றொன்றில் மட்டும் வினை நடத்த வேண்டும். போக் (டெர்ஷியரி பியூட்டாக்சிகார்பனைல்) தொகுதி போடலாமா, சிபிஜெட் (பென்சிலாக்சிகார்பனைல்) போடலாமா? மலிவாகக் கிடைக்கும் எத்தாக்சிகார்பனைல் போதுமா? நாமே தயாரிப்பதா, காப்பிட்ட சேர்மத்தையே வாங்கிவிடுவதா? வழிகாட்டும் ஆசிரியர்களிலும் பலர் இதே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகள் இதற்கு உதவுவதில்லை. அவை ஒரு காப்பைப் போட்டதாகவும் நீக்கியதாகவும் ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

பைப்பரசீன் நம் பகுதிக்கு அந்நியமான பொருள் அன்று. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் உருண்டைப் புழுவை வெளியேற்றக் குடிநீரில் கலந்து கொடுக்கும் மருந்துகளில் இதன் உப்புகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவை புழுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்கின்றன. பிடிப்பை இழந்த புழு எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை பைப்பரசீன் வழிவந்தது. சிப்ரோஃபிளாக்சசின், செட்டிரிசின், கீட்டோகோனசோல், இமாட்டினிப் ஆகிய எல்லாவற்றிலும் இந்த ஆறணு வளையம் உண்டு. மருந்து வேதியியலில் திட்டம் எடுக்கும் மாணவர் இதன் பக்கம் வருவது இயல்பு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பைப் போடுவது எளிதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் கடைசி மாதத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். எப்படிக் கழற்றப் போகிறோம், அதற்கான வசதி நம் ஆய்வகத்தில் இருக்கிறதா, கழற்றும் வினையை நம் மூலக்கூறின் மற்ற பகுதிகள் தாங்குமா என்று முதலில் பார்த்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

## சிக்கல் எங்கே இருக்கிறது

பைப்பரசீனின் இரண்டு நைட்ரஜன்களும் ஒரே மாதிரியானவை. எந்த நைட்ரஜன் முதலில் வினைபுரிந்தாலும் ஒரே பொருள்தான் கிடைக்கும், அதுவரை நல்லது. ஆனால் மீதியுள்ள நைட்ரஜனும் வினைக்குத் தயாராகக் காத்திருக்கிறது. ஒரு மோல் பைப்பரசீனுக்கு ஒரு மோல் காப்புக் காரணியைச் சேர்க்கிறோம். இரு நைட்ரஜன்களும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப்படி கால் பங்கு தொடப்படாத பைப்பரசீன், அரைப் பங்கு ஒற்றைக் காப்பு, கால் பங்கு இரட்டைக் காப்பு கிடைக்கும். உண்மையில் நிலைமை இதைவிடச் சற்றுச் சாதகமானது. ஒரு பக்கம் காப்பு ஏறிக் கார்பமேட் ஆனதும் எதிர்ப்பக்க நைட்ரஜனின் காரத்தன்மை குறைகிறது. தனிப் பைப்பரசீனின் பி.கே.ஏ. (காரத்தன்மையைக் காட்டும் எண், கூடினால் காரம் வலியது) ஏறத்தாழ 9.7, கார்பமேட் ஆன பிறகு எதிர் நைட்ரஜனுக்கு அது 8-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. ஆனாலும் இந்த வேறுபாடு மட்டும் நம்மைக் காப்பாற்றாது. இதனால்தான் மலிவான பைப்பரசீனை மிகுதியாகவும் விலை கூடிய காப்புக் காரணியைக் குறைவாகவும் எடுத்து, குளிர்வித்த நிலையில், சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது வழக்கமாயிற்று.

பைப்பரசீன் என்று எழுதிய புட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. நீரற்ற பைப்பரசீனின் மூலக்கூறு நிறை 86.14. ஹெக்சாஹைட்ரேட்டின் நிறை 194.23, அதன் எடையில் 44 விழுக்காடுதான் பைப்பரசீன், மீதி நீர். ஹெக்சாஹைட்ரேட்டை நீரற்றது என்று கணக்கிட்டு எடுத்தால், இரு மடங்கு மிகுதி என்று நினைத்தது உண்மையில் சமபங்குக்கும் குறைவாகிவிடும். இரட்டைக் காப்புப் பொருள் குவிந்து, வினை சரியில்லை என்று பழி வினைமேல் போகும். நீரற்றதும் சாதுவான பொருள் அன்று. திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மூடி சரியாக இறுக்காமல் வைத்த புட்டியை நம்பி எடை போடாதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் கழற்றும் வழி: அமிலமா, ஹைட்ரஜனா, கடுங்காரமா என்பது. இரண்டாவது, மூலக்கூறில் வேறு என்னென்ன தொகுதிகள் இருக்கின்றன என்பது. மூன்றாவது ஆய்வக வசதி. உண்மையில் காற்றை இழுக்கும் ஃபியூம் ஹூட் இருக்கிறதா? ஐஸ், குளிர்சாதனப் பெட்டி, சுழல் ஆவியாக்கி, ஹைட்ரஜன் ஆகியவற்றில் எவை கையில் இருக்கின்றன? நான்காவது, வினை முடிந்ததை எப்படிக் கண்டறிவது என்பது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலைக் கருவி உள்ளூரில் இல்லாத கல்லூரிக்கு இது மிகப் பெரிய அளவுகோல். ஐந்தாவது செலவு, புட்டியின் விலையோடு கரைப்பான், நாள்கள், கழிவு ஆகியவற்றையும் கூட்டிய முழுச் செலவைச் சொல்கிறேன்.

இவற்றோடு நம் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரூர் பரமத்தியும் ஈரோடும் கோடையில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் ஊர்கள். வழக்கமான கரைப்பானான டைகுளோரோமீத்தேனின் கொதிநிலையே 40 டிகிரி. போக் தொகுதியைப் போடும் காரணியான போக் அன்ஹைட்ரைடு 23 டிகிரியில் உருகும். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது அறை வெப்பத்தில் திரவம்தான். ஒற்றைப் போக் பைப்பரசீன் 43 முதல் 47 டிகிரிக்குள் உருகும். சற்று மாசு கலந்திருந்தால் ஏப்ரல் மாத இருப்பறையில் குழைந்துவிடும். குளிர்நாட்டு ஆய்வகத்தில் எழுதப்பட்ட "அறை வெப்பம்" என்ற சொல்லை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

## முதல் வழி: காப்பே வேண்டாம்

யாரும் கேட்காத வழி இது. ஆனால் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். சிப்ரோஃபிளாக்சசினும் நார்ஃபிளாக்சசினும் தொழிற்சாலையில் எப்படிச் செய்யப்படுகின்றன என்று பாருங்கள். குயினலோன் வளையத்தில் இருக்கும் ஹாலஜனைக் காப்பிடாத பைப்பரசீன் நேரடியாக இடம்பெயர்க்கிறது. பைப்பரசீனை மிகுதியாக எடுப்பதால் ஒரு பைப்பரசீன் இரண்டு வளையங்களைப் பிடித்துக்கொள்ளும் துணைவினை அடங்கிவிடுகிறது.

நம் கல்லூரித் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நைட்ரோ தொகுதி உள்ள குளோரோ அல்லது ஃபுளோரோ பென்சீனோடு கருக்கவர் பதிலீட்டு வினை (ஹாலஜன் வெளியேறி அந்த இடத்தில் நைட்ரஜன் அமரும் வினை) நடத்தி, அரைல் பைப்பரசீன் (பென்சீன் வளையம் இணைந்த பைப்பரசீன்) பெற்று, அதன் மறுமுனையில் வேறு வேறு தொகுதிகளை இணைப்பது. இதற்கு முதல் படியில் காப்பு பெரும்பாலும் தேவையே இல்லை. மிகுதியான பைப்பரசீன் நீரில் கரைந்து போய்விடும். இரட்டைப் பதிலீட்டுப் பொருளில் காரத்தன்மையுள்ள தனி நைட்ரஜன் இல்லாததால் அமிலக் கழுவலில் அது பின்தங்கிவிடும். காப்புப் போடுதல், பிரித்தல், காப்பு நீக்குதல் என்ற மூன்று வேலைகளும் மிச்சம்.

இதன் மறைமுகச் செலவு கழிவு நீர். மிகுதியாக எடுத்த பைப்பரசீன் முழுவதும் நீர்க் கழுவலில் வெளியேறுகிறது. அது தோலையும் மூச்சுக் குழாயையும் ஒவ்வாமைக்கு ஆளாக்கக்கூடிய பொருள். ஆஸ்துமா உள்ள மாணவரை இந்த வேலையில் அமர்த்தாதீர்கள். வினைபுரியும் துணைப்பொருள் விலை கூடியது என்றாலும், அமிலக் குளோரைடு போல மின்னல் வேகத்தில் இரு நைட்ரஜன்களையும் தாக்கக்கூடியது என்றாலும் இந்த வழி கைகொடுக்காது. அமிலக் குளோரைடோடு தனிப் பைப்பரசீனைச் சேர்த்தால் இரட்டை அமைடுதான் முந்திக்கொள்ளும். அங்கே காப்பு தேவை.

## இரண்டாம் வழி: போக்

1957-ல் பெப்டைடு வேதியியலுக்காக வந்த போக் இன்று அமீன் காப்புகளில் முதலிடத்தில் இருக்கிறது. அந்த இடம் தகுதியால் கிடைத்தது. போக் அன்ஹைட்ரைடு பைப்பரசீனோடு குளிரிலேயே வினைபுரியும். துணைப்பொருளாகக் கிடைப்பவை டெர்ஷியரி பியூட்டனாலும் கார்பன் டைஆக்சைடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாவதில்லை. அதைப் பிடிக்கத் தனிக் காரமும் தேவையில்லை.

இதைவிடப் பெரிய வசதி பிரித்தெடுப்பதில் இருக்கிறது. வினை முடிந்த கலவையில் மூன்று பொருள்கள் இருக்கும். மூன்றும் வெவ்வேறு குணம் கொண்டவை. பைப்பரசீன் நீரை விரும்பும். இரட்டைப் போக் பொருளில் காரத்தன்மை இல்லை. நீரில் கரையாமல் திண்மமாக ஒதுங்கும். ஒற்றைப் போக் பொருளில் ஒரு தனி நைட்ரஜன் இருப்பதால் மென்மையான அமில நீரில் கரையும். காரமாக்கினால் கரிமக் கரைப்பானுக்குத் திரும்பிவிடும். சிட்ரிக் அமிலக் கரைசல் போன்ற மென்மையான அமிலத்தைச் சிறிது நேரத்துக்குப் போக் தாங்கிக்கொள்ளும். ஆகவே சிலிக்கா ஜெல் நிரப்பிய நீண்ட பிரிப்புக் குழாய் இல்லாமலேயே, பிரிபுனலை வைத்துத் தூய்மைப்படுத்த முடிகிறது. சிலிக்காவுக்கும் கரைப்பானுக்கும் ஒதுக்கீடு குறைவாக உள்ள கல்லூரிக்கு இது பெரிய கொடை.

போக் காரத்தைத் தாங்கும், ஹைட்ரஜனேற்றத்தைத் தாங்கும், கருக்கவர் பொருள்களைத் தாங்கும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடோடு சூடாக்கினால் மட்டும் நிலைமை வேறு: போக் தொகுதி மெத்தில் தொகுதியாக ஒடுங்கிவிடும். எஸ்டரை ஒடுக்கும் திட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கழற்றுவது அமிலத்தால். டைகுளோரோமீத்தேனில் ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம், அல்லது டையாக்சேனிலோ மெத்தனாலிலோ ஹைட்ரஜன் குளோரைடு. எழுத ஒரு வரிதான். ஆனால் செலவுகள் ஒளிந்திருப்பது இங்கேதான்.

முதலாவது, கழலும்போது ஐசோபியூட்டிலீனும் கார்பன் டைஆக்சைடும் வாயுவாக வெளிவரும். குடுவையை மூடி வைக்கவே கூடாது. இரண்டாவது, இடைநிலையில் தோன்றும் டெர்ஷியரி பியூட்டைல் நேரயனி, மூலக்கூறில் இண்டோல் போன்ற எலக்ட்ரான் வளமிக்க வளையமோ தயோஈதரோ இருந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொள்ளும் பொருளைக் கூடவே சேர்க்க வேண்டும். மூன்றாவது, கிடைப்பது தனி அமீன் அன்று, அதன் உப்பு. அந்த உப்பை நடுநிலையாக்கும்போது, மூலக்கூறு சிறியதாக இருந்தால் அமீன் நீரடுக்கிலேயே தங்கிவிடும். "காப்பு நீங்கியது, ஆனால் பொருள் காணவில்லை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம். பொருள் பிரிபுனலின் நீர்ப்பகுதியில் இருக்கிறது. அடுத்த படி அமைடு ஆக்குதல் என்றால், உப்பைத் தனியாக விடுவிக்காமல் அப்படியே எடுத்து, அந்த வினையிலேயே கூடுதல் காரம் சேர்ப்பது நல்லது.

நான்காவது, பார்வை. ஒற்றைப் போக் பைப்பரசீன் புற ஊதா விளக்கில் தெரியாது. டி.எல்.சி. (மென்படலப் பிரிப்பு) தட்டை விளக்கின் கீழ் வைத்துவிட்டு வினையே நடக்கவில்லை என்று முடிவு கட்டும் மாணவர்கள் உண்டு. அயோடின் அறை வேண்டும், அல்லது நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்க வேண்டும். என்.எம்.ஆரில் அடையாளம் தெளிவானது: குளோரோஃபார்ம் கரைசலில் 1.46-ஐ ஒட்டி ஒன்பது ஹைட்ரஜனுக்கான ஒற்றைக் கோடு, 3.4 பக்கமும் 2.8 பக்கமும் நான்கு நான்காக வளைய ஹைட்ரஜன்கள். 2.8 பக்கக் கோடு இல்லாமல் 3.4 மட்டும் இருந்தால் கையில் இருப்பது இரட்டைப் போக். அகச்சிவப்பு நிறமாலையில் 1690 பக்கம் வரும் கார்பனைல் கோடு இரண்டிலும் இருக்கும். அதை மட்டும் வைத்து ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிட முடியாது.

ஐந்தாவது, போக் அன்ஹைட்ரைடின் ஆவியைச் சுவாசிப்பது மிக ஆபத்தானது. வாசனை கடுமையாக இல்லாததால் மாணவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். ஃபியூம் ஹூட் வேலை செய்யாத அறையில், மின்வெட்டு வரும் நேரத்தில், இதைத் திறக்கக் கூடாது. அது மெல்லச் சிதைந்து கார்பன் டைஆக்சைடை விடுவதால் பழைய புட்டிக்குள் அழுத்தம் சேர்ந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, மெதுவாகத் திறக்க வேண்டும்.

போக் எப்போது சிறந்தது? மூலக்கூறில் நைட்ரோ, இரட்டைப் பிணைப்பு, புரோமோ அல்லது அயோடோ வளையம், கந்தகம் ஆகியவை இருக்கும்போது. ஹைட்ரஜன் வசதி இல்லாதபோது. பின்னால் வரும் படிகள் காரச் சூழலில் நடக்கும்போது. எப்போது தவிர்க்க வேண்டும்? டெர்ஷியரி பியூட்டைல் எஸ்டர், அசிட்டால், ட்ரைட்டைல் போன்ற, அமிலத்தில் உதிரும் தொகுதிகளைக் காக்க வேண்டியிருக்கும்போது.

## மூன்றாம் வழி: சிபிஜெட்

மேக்ஸ் பெர்க்மனும் லியோனிடாஸ் செர்வாஸும் 1932-ல் அறிமுகப்படுத்திய காப்பு இது. பெப்டைடு வேதியியலின் முகத்தையே மாற்றியது. பென்சில் குளோரோஃபார்மேட் என்ற காரணியால் போடுகிறோம். கண்ணீரை வரவழைக்கும், தோலை அரிக்கும், சூட்டில் சிதையும் திரவம் அது. டொலுயீனில் 50 விழுக்காடு கரைசலாகவும் கிடைக்கிறது. வினையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாவதால் அதைப் பிடிக்கக் காரம் வேண்டும். போக் அன்ஹைட்ரைடைவிட வேகமாகத் தாக்குவதால் இரட்டைக் காப்பின் ஆபத்தும் கூடுதல். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. பைப்பரசீனை முதலில் ஒரு பங்கு அமிலத்தோடு சேர்த்து ஒற்றை உப்பாக்கிக்கொள்வது. ஒரு நைட்ரஜன் புரோட்டானை ஏற்றதும் மற்றதன் பி.கே.ஏ. 5.5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. அதன் வேகம் மட்டுப்பட்டு, இரு முனைத் தாக்குதல் குறைகிறது.

சிபிஜெட்டின் முதல் நன்மை கண்ணுக்குத் தெரிவது. பென்சீன் வளையம் இருப்பதால் புற ஊதா விளக்கில் பளிச்சென்று புள்ளி விழும். நிறமாலைக்கு மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் ஆய்வகத்துக்கு, தட்டிலேயே எல்லாம் தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் நன்மை கழற்றும் விதம். பல்லேடியம் ஏற்றிய கரி, ஹைட்ரஜன், மெத்தனால், சூழல் நடுநிலை. டொலுயீனும் கார்பன் டைஆக்சைடும் போக, தனி அமீனே நேராகக் கிடைக்கிறது. உப்பை நடுநிலையாக்கும் தொல்லை இல்லை. அமிலத்தைத் தாங்காத மூலக்கூறுக்கு இதுதான் வழி. கோவையில் வெல்டிங் பட்டறைகள் நிறைந்திருப்பதால் ஆர்கானும் நைட்ரஜனும் எளிதில் கிடைக்கின்றன. ஹைட்ரஜன் சிலிண்டரை மாணவர் ஆய்வகத்துக்குள் வைக்க நிர்வாகம் தயங்கும், அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்கு மாற்றாக அம்மோனியம் ஃபார்மேட்டை ஹைட்ரஜன் தரும் பொருளாகப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. சிலிண்டர் வேண்டாம், பலூன் வேண்டாம். பல்லேடியம் மட்டும் போதும். கல்லூரி ஆய்வகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

ஆனால் பல்லேடியம் விலை கூடிய உலோகம். வடிகட்டிய பிறகு தாளில் உலர்ந்து கிடக்கும் கரி, மெத்தனால் ஆவி சூழ்ந்த இடத்தில் தானே தீப்பற்றும். வடிதாளை ஒருபோதும் உலரவிடக் கூடாது. நீர் ஊற்றி ஈரமாகவே தனிப் புட்டியில் சேர்த்துவைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்ட வடிதாள் அரை மணி கழித்து எரிவது கற்பனை அன்று.

பொருத்தமின்மைப் பட்டியலும் நீளம். நைட்ரோ தொகுதி அமீனாகிவிடும். இரட்டைப் பிணைப்பு நிறைவுறும். புரோமோவும் அயோடோவும் உதிரும். பென்சில் ஈதர் கழன்றுவிடும். கந்தகம் வினையூக்கியையே முடக்கும். நைட்ரோ அரைல் பைப்பரசீனில் வேலை செய்பவர் சிபிஜெட்டை எடுத்தால் ஒரே குடுவையில் இரண்டும் நடந்துவிடும். அமீனோ சேர்மம்தான் இலக்கு என்றால் ஒரு படி மிச்சம். நைட்ரோ சேர்மத்தின் உயிரியல் செயல்பாட்டை அறிவதுதான் திட்டம் என்றால், பொருளே கைவிட்டுப் போய்விடும்.

ஒற்றைச் சிபிஜெட் பைப்பரசீன் பெரும்பாலும் கெட்டியான எண்ணெயாகவே கிடைக்கும். படிகமாக்கித் தூய்மைப்படுத்தலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்காதீர்கள்.

## மற்றவை, சுருக்கமாக

எத்தாக்சிகார்பனைல் பைப்பரசீன் தொழிற்சாலை அளவில் தயாராகும் மலிவான திரவம். எதற்கும் அசையாது, அதுவே அதன் பலமும் பலவீனமும். கழற்ற வேண்டுமானால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் புரோமைடு போன்ற கடும் அமிலத்தைத் தேட வேண்டும். அந்தக் கொதிப்பைத் தாங்கும் முரட்டு மூலக்கூறு என்றால் தாராளமாக எடுக்கலாம். எஸ்டரோ அமைடோ நைட்ரைலோ இருந்தால் அவையும் சேர்ந்து சிதையும்.

அசிட்டைலும் ஃபார்மைலும் இதே குடும்பம். அமைடு என்பதால் கழற்றக் கடும் நீராற்பகுப்பு வேண்டும். கீட்டோகோனசோலில் அசிட்டைல் பைப்பரசீன் இறுதிவரை அப்படியே தங்கிவிடுகிறது. தங்கிவிட வேண்டிய தொகுதி என்றால் இவை பொருத்தம்.

பெப்டைடு வேதியியலின் மற்றொரு காப்பான எஃப்மாக்கின் பெயரைக் கேட்டு ஆசைப்படுபவர்களுக்கு: அதைக் கழற்றப் பயன்படுவது இரண்டாம்நிலை அமீன். பைப்பரசீனே எஃப்மாக்கைக் கழற்றும் காரணியாகப் பயன்படுகிறது. ஒரு முனையில் எஃப்மாக்கும் மறு முனையில் தனி நைட்ரஜனும் உள்ள மூலக்கூறு தன் காப்பைத் தானே அரித்துக்கொள்ளும் இயல்புடையது. இங்கே இது வேண்டாம்.

பென்சில் தொகுதியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒற்றைப் பென்சில் பைப்பரசீன் போதைப் பொருளாகத் தவறாகப் பயன்படுத்தப்பட்டு, 2015-ல் ஐ.நா.வின் மனமயக்கப் பொருள்கள் பட்டியலில் சேர்ந்தது. போக்கும் சிபிஜெட்டும் இருக்கும்போது மாணவர் திட்டத்துக்காக அந்தப் பக்கம் போக எந்தத் தேவையும் இல்லை.

| காப்பு | கழற்றுவது | தாங்காத துணைத் தொகுதிகள் | புற ஊதாவில் தெரியுமா | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| காப்பில்லாமல் | தேவையில்லை | அமிலக் குளோரைடு வினைகளுக்குப் பொருந்தாது | வளையத்தைப் பொறுத்தது | பைப்பரசீன் கலந்த கழிவு நீர் |
| போக் | அமிலம் | டெர்ஷியரி பியூட்டைல் எஸ்டர், அசிட்டால், ட்ரைட்டைல் | தெரியாது | ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலக் கழிவு, நீரில் போகும் அமீன் |
| சிபிஜெட் | ஹைட்ரஜன், பல்லேடியம் | நைட்ரோ, இரட்டைப் பிணைப்பு, புரோமோ, அயோடோ, கந்தகம் | தெரியும் | பல்லேடியம் விலை, தீ ஆபத்து |
| எத்தாக்சிகார்பனைல் | கொதிக்கும் கடுங்காரம் அல்லது கடும் அமிலம் | எஸ்டர், அமைடு, நைட்ரைல் | தெரியாது | கழற்றும் நாள்கள் |

## வாங்குவதா, செய்வதா

இந்தக் கேள்விக்குப் பலர் புட்டி விலையை மட்டும் ஒப்பிட்டுப் பதில் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போக் அன்ஹைட்ரைடின் மூலக்கூறு நிறை 218.25; ஒற்றைப் போக் பைப்பரசீனின் நிறை 186.25. ஒரு துளி வீணாகாமல், இரட்டைக் காப்பே உண்டாகாமல் எல்லாம் நடந்தாலும் 10 கிராம் பொருளுக்கு 11.7 கிராம் போக் அன்ஹைட்ரைடு வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேல். சிபிஜெட்டில் கணக்கு சற்றுத் தேவலாம்: 220.27 நிறையுள்ள பொருளுக்கு 170.59 நிறையுள்ள காரணி, அதாவது 10 கிராமுக்கு 7.7 கிராம்.

இதன்மேல் கரைப்பான், பிரிபுனல் வேலை, ஆவியாக்கல், தட்டுகள், நிறமாலைக் கட்டணம் எல்லாம் ஏறும். ஒற்றைப் போக் பைப்பரசீன் உலகெங்கும் மருந்து வேதியியலாளர்கள் கிலோக் கணக்கில் வாங்கும் பொருள். முகவர் மூலம் விலைப்புள்ளி வாங்கி, அதைப் போக் அன்ஹைட்ரைடின் விலைப்புள்ளியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டத்தின் நோக்கம் புதிய அமைடுகளோ சல்ஃபோனமைடுகளோ செய்து பார்ப்பது என்றால் வாங்கிவிடுங்கள். ஓர் இரு மாதப் பருவத்தில் முதல் மூன்று வாரங்களை எல்லோரும் அறிந்த ஒரு சேர்மத்துக்குச் செலவழிப்பது மாணவருக்கு நியாயம் செய்வதாகாது.

செய்து பார்க்கவும் நல்ல காரணங்கள் உண்டு. ஒரே மாதிரியான இரண்டு நைட்ரஜன்களில் ஒன்றை மட்டும் மூடுவது, அமில-காரக் கழுவலால் மூன்று பொருள்களைப் பிரிப்பது, தட்டையும் நிறமாலையையும் ஒப்பிட்டுப் படிப்பது: முதுநிலை மாணவருக்கு இதைவிடச் செறிவான பயிற்சி குறைவு. அதற்காகச் செய்வதென்றால் சிறிய அளவில் ஒரு முறை செய்யவைத்துவிட்டு, திட்டத்தின் மீதிக்கு வாங்கிய பொருளைப் பயன்படுத்தலாம். இரண்டு நன்மையும் கிடைக்கும்.

கோழி மருந்தாக விற்கும் பைப்பரசீனை மலிவு என்று மூலப்பொருளாக எடுக்கலாமா என்ற கேள்வியும் நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறது. கூடாது. அது பெரும்பாலும் சிட்ரேட் போன்ற உப்பு; சேர்மானங்களும் கலந்திருக்கும்; அளவும் தூய்மையும் ஆய்வகத்துக்கு உரியவை அல்ல.

## கழிவு

இதைத் தனித் தலைப்பில் எழுதக் காரணம், நாம் வாழும் இடம். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டை இப்பகுதி மறக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த ஊரின் கல்லூரியில் ஒரு மாணவர் டைகுளோரோமீத்தேனைத் தொட்டியில் ஊற்றினால், அளவு சிறியதானாலும் குற்றம் அதே இனத்தைச் சேர்ந்தது. நீரைவிடக் கனமான, நீரோடு கலக்காத அந்தத் திரவம் மண்ணில் இறங்கினால் கீழேதான் போகும். நம் ஊர்களில் பலர் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கிறார்கள்.

ஆகவே காப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிவுப் புட்டிகளையும் முடிவு செய்யுங்கள். ஹாலஜன் உள்ள கரைப்பான் தனி, மற்றவை தனி, பல்லேடியம் கரி தனி. இந்த அளவுகோலில் போக்கின் வழக்கமான கழற்றும் முறை தோற்றுப் போகிறது. டைகுளோரோமீத்தேன், எளிதில் சிதையாத ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம், இரண்டும் சேர்ந்த கழிவு அது. மூலக்கூறு தாங்குமானால் மெத்தனாலில் ஹைட்ரஜன் குளோரைடுக்கு மாறுங்கள். உப்பு பல நேரங்களில் திண்மமாகவே விழுந்து, வடிகட்டினால் போதும் என்றாகிவிடும். போடும் படியிலும், பிரிக்கும் படியிலும் டைகுளோரோமீத்தேனுக்குப் பதில் எத்தில் அசிட்டேட் பல இடங்களில் போதுமானது. கோடையில் அது பறந்து போகாது என்பது கூடுதல் ஆதாயம்.

## எந்த நிலையில் எது

நைட்ரோ போன்ற தொகுதியோடு ஹாலஜனும் உள்ள வளையத்தில் நேரடிப் பதிலீடு: காப்பே வேண்டாம், மிகுதிப் பைப்பரசீன்.

அமைடு, சல்ஃபோனமைடு, யூரியா வரிசைகள்: ஒற்றைப் போக் பைப்பரசீனை வாங்குங்கள், மெத்தனாலில் ஹைட்ரஜன் குளோரைடால் கழற்றுங்கள்.

அமிலத்துக்கு உடையும் மூலக்கூறு, அல்லது வேறொரு நைட்ரஜனில் ஏற்கெனவே போக் இருந்து இதை மட்டும் தனியாகக் கழற்ற வேண்டும்: சிபிஜெட், அம்மோனியம் ஃபார்மேட்டோடு. நைட்ரோவோ கந்தகமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிதி மிகக் குறைவு, மூலக்கூறு முரடு: எத்தாக்சிகார்பனைல்.

ஃபியூம் ஹூட் வேலை செய்யவில்லை: போக் அன்ஹைட்ரைடும் வேண்டாம், பென்சில் குளோரோஃபார்மேட்டும் வேண்டாம். காப்பிட்ட பொருளை வாங்கினாலும் கழற்றும் படிக்கு ஹூட் தேவை. அதைச் சரிசெய்யும்வரை திட்டத்தையே மாற்றுங்கள்.

வாங்கிய புட்டி வந்ததும் பரிசோதனைச் சான்றிதழில் பெயரை மட்டும் பார்க்காமல் மூலக்கூறு நிறையைப் பாருங்கள்: 186 என்றால் ஒற்றைப் போக், 286 என்றால் இரட்டை. உருகுநிலையைக் கல்லூரிக் கருவியிலேயே எடுங்கள். ஒரு சிட்டிகையை நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் போட்டுக் கலக்குங்கள். ஒற்றைக் காப்பு கரைந்துவிடும், மிதந்து நிற்கும் வெண்பொடி இரட்டைக் காப்பாக இருக்கலாம். பிறகு சிறு குப்பிகளில் பிரித்து, நைட்ரஜன் நிரப்பி, இறுக மூடிக் குளிரில் வையுங்கள். ஒரு குப்பியைத் திறந்தால் மற்றவை ஈரம் படாமல் பருவம் முடியும்வரை இருக்கும்.